வலது அக்குளுக்கு ஒரு பாட்டில்

வலது கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் விழுகிற சத்தம் காதுக்குக் கேட்கும். அக்குளுக்குத் தெரியாது. முழங்கைக்கு மேலே கொஞ்ச தூரம் வரைக்கும் வெதுவெதுப்பு தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இடுப்புக்கிட்டே வரும்போதுதான், குளித்துக்கொண்டிருக்கிறோம் என்று உடம்புக்கு மறுபடி நினைவு வரும். நடுவில் இருக்கிற இடம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. யாருடையதோ ஒன்றைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஜாக்கெட் மாட்டி விடுகிறேன்.

மார்பில் கட்டி எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதில் நரம்பு அறுபட்டிருக்கும், உணர்ச்சி கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் சரிங்க என்றேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாவு மில். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் மில்லில்தான் நின்றிருக்கிறேன். மெஷினை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அரிசி, மிளகாய், மல்லி என்று வருகிறதை மேலே இருக்கிற தொட்டியில் தூக்கிக் கொட்டுவது நான். இரண்டு கையும் தலைக்கு மேலே போகிற வேலை. மேலே தகரக் கூரை. சித்திரை வெயிலில் அதற்குக் கீழே நின்றால் மாவு முகத்தில் பட்டதும் பசையாகிவிடும்.

எனக்கு வியர்வை எப்போதும் அதிகம். வாடையும் அதிகம். மில்லில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மிளகாய் நெடியில் மனுஷ வாடை எங்கே தெரியப் போகிறது. கோயிலில்தான் தெரியும். எங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு பூஜை. பெண்கள் எல்லாரும் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு போற்றி சொல்லுவோம். நான் குளித்து, மஞ்சள் பூசி, வெளுத்த புடவை கட்டித்தான் போவேன். போற்றி பாதி முடிவதற்குள் ஜாக்கெட் நனைந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவள் முந்தானையால் மூக்கை ஒற்றுவாள். இன்னொருத்தி தன் விளக்கை ஒரு சாண் தள்ளி வைப்பாள். எண்ணெய் சிந்திரும் என்பாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகவே கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் அம்மன் முகத்தில் பாதியைத் தூண் மறைக்கும். பாதி முகத்தைக் கும்பிட்டே பல வருஷம் ஓடியது.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வந்தாள்.

"ஏன் அத்தை இங்க ஒக்காருறீங்க? முன்னாடி எடம் கெடக்கே."

"இங்கதான் காத்து வரும்."

காற்று ஒன்றும் வரவில்லை. ஃபேன் கூட அந்தப் பக்கம் இல்லை. அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதற்கப்புறம் என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் பாத்ரூம் மாடத்தில் மஞ்சள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சின்ன பாட்டில் இரண்டு நின்றன. தலையில் உருண்டை வைத்து, தேய்த்தால் உருளுகிற மாதிரி.

"ரெண்டு சேத்து வாங்குனா வெல கொறச்சுத் தாராங்க அத்தை. ஒண்ணு சும்மாதான் கெடக்கு. போட்டுப் பாருங்களேன், வெயிலுக்கு எதமா இருக்கும்."

"இத எங்க போடுறது?"

அவள் நைட்டிக்கு மேலேயே தன் கையைத் தூக்கி உருட்டிக் காட்டினாள். "ஈரமில்லாம தொடச்சிட்டுப் போடணும். அம்புட்டுத்தான்."

என் வாடையைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பெற்றவள் கூட மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்ன விஷயம் அது. இவள் வெயில் மேலே பழியைப் போட்டுவிட்டுப் பாட்டிலை மாடத்தில் வைத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் விளக்கைத் தள்ளி வைக்கவில்லை. அம்மன் முகம் முழுசாகத் தெரிந்தது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்றே அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பாட்டில் தீரத் தீர அவளே புதிதாக வாங்கி வைத்துவிடுவாள். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

அப்புறம் கட்டி வந்தது.

கண்டுபிடித்தது, ஊசி வைத்துப் பார்த்தது, எடுத்தது எல்லாம் வேறு யாருக்கோ நடக்க நான் கூடப் போய் வந்த மாதிரிதான் இருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது எல்லாரும் அழுதார்கள். மில் வாசலில் காயப்போட்ட மல்லியை யாராவது அள்ளி வைத்தார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ளச் சோழவந்தானிலிருந்து மதினி வந்தார், வீட்டுக்காரருடைய அக்கா. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். புருஷன் போனபிறகு கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார், ஆனாலும் மடியில் வெற்றிலை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் எனக்குச் செய்ததைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். எனக்குத் தலை வாரி விட்டது அவர். உடம்பிலிருந்து ட்யூப் தொங்கிய நாட்களில் அதைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை கூட வந்தது அவர். மருந்து ஏற்றிய நாட்களில் வாந்தி அள்ளியது அவர். ராத்திரி நான் புரண்டால் அம்மா தாயே என்று அவர் வாய்தான் முதலில் முனகும்.

மகன் அவருக்குத் தன் பழைய செல்போனைக் கொடுத்திருந்தான். ஒரு நாள் அதில் யாரோ ஒரு ஆள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இந்தா கேளு. கக்கத்துல போடுற மருந்துல அலுமினியம் இருக்காம். வேர்வைய வெளிய விடாம உள்ளயே அடைச்சிருமாம். அடைச்சது எங்க போகும் சொல்லு. கட்டியாத்தான தெரளும்."

வீட்டுக்காரர் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா அப்படி ஒண்ணும் சொல்லலயேக்கா."

"அவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சா ஆஸ்பத்திரில எதுக்குடா இம்புட்டுக் கூட்டம்?"

எழுந்து பாத்ரூமுக்குப் போனார். செத்த பல்லியை எடுக்கிற மாதிரி ஒரு துணியால் பிடித்து அந்தப் பாட்டிலைக் கொண்டு வந்தார். யார் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இத யாரு வாங்குனது?"

மருமகள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது. "நான்தான் பெரியம்மா." மதினியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ம். நல்ல எண்ணத்துலதான் வாங்கிருப்ப. நான் ஒண்ணும் சொல்லலத்தா."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். தோசை கருகுகிற வாடை வந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இதற்கு யாராவது ஏதாவது சொல்லவேண்டும், அந்த யாராவது நான்தான் என்று தெரிந்தது. தெரிந்தது நெஞ்சுக்குள்ளேயே எங்கேயோ நின்றுகொண்டது. வாய்க்கு வந்து சேரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதினி எனக்குக் கண்ணேறு கழித்தார். எங்கள் பக்கத்தில் அதற்குப் படிகாரம்தான். தலையைச் சுற்றி நெருப்பில் போட்டால் அது உருகிப் பொங்கி, பொரி மாதிரி வெள்ளையாக உப்பி நிற்கும். அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஆணா பெண்ணா, யார் கண் என்று சொல்லுவார்கள். மதினி அதை இடுக்கியால் எடுத்து முறத்தில் வைத்தார்.

"இந்தா தல. இந்தா பாரு கொண்ட. பொம்பளதான். கையில என்னமோ வச்சிருக்கா, உருட்டையா."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்குக் கோழி மாதிரித் தெரியுதுக்கா."

"உனக்கு எதக் காட்டுனாலும் கோழிதான் தெரியும்."

மருமகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கொண்டை போடுகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அன்றிலிருந்து அவள் கையிலிருந்து என் கைக்கு எதுவும் வரவில்லை. சமையல் அவள்தான் செய்தாள். வேலைக்குப் போகுமுன் துணி துவைத்தாள், மாத்திரை நேரத்தைச் செல்போனில் மணியடிக்க வைத்தாள். ஆனால் சோற்றைத் தட்டில் போட்டு மதினியிடம் கொடுப்பாள், மதினி எனக்குக் கொடுப்பார். காப்பியை ஸ்டூலில் வைத்துவிட்டு, "காப்பி இருக்கு அத்தை" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிடுவாள். முன்பெல்லாம் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும் வரை நின்று, சீனி போதுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அதை நான் பார்த்தேன். பார்த்தது எனக்கு வலிக்கவேண்டும் என்றும் தெரிந்தது. வலிக்கவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்ததும் எடுத்துக் குடித்தேன்.

பாட்டில் போனதும் அந்த இடத்துக்குப் படிகாரம் வந்தது. மதினி கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பெரிய கட்டியாக வாங்கி, உடைத்து, ஆளுக்கொரு துண்டு மாடத்தில் வைத்தார்.

"இது பூமியில தானா வெளஞ்சது. ஒரு கெமிக்கல் கெடையாது. நனைச்சுத் தேய்ச்சா வாட கிட்ட அண்டாது. இனி இந்த வீட்ல எல்லாரும் இதத்தான் போடணும்."

வீட்டுக்காரர் தன் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தார். "சலூன்ல தாடைக்குத் தேய்க்கிறத கக்கத்துல தேய்க்கச் சொல்ற. சரி, அப்ப சவரமும் அங்கதான் பண்ணணுமா?"

"இப்படிப் பேசிப் பேசித்தான்டா வீட்ல சீக்கு வந்திருக்கு."

மகனும் தன் ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட்டான். மருமகள் தன் பங்குத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம் அதை நனைக்காமலே மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவள் டீச்சராச்சே, பாட்டில் பழக்கம் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

படிகாரம் வாடையைக் குறைத்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து முடிகிறவரை அந்தப் பக்கம் எதுவும் போடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முடிந்து, தோல் ஆறினபிறகு இரண்டு பக்கமும் தேய்க்க ஆரம்பித்தேன். இடப் பக்கம் தேய்த்தால் சில்லென்று இருக்கும், லேசாகச் சுரசுரக்கும். வலப் பக்கம் என்ன தேய்த்தாலும் சுவரில் தேய்த்த மாதிரி. பட்டதா படவில்லையா என்று தெரியாமல் இன்னும் ரெண்டு தடவை தேய்ப்பேன்.

கரண்ட் வைப்பது முடிந்ததும் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலில் மதினியின் நேர்த்திக்கடன். மாவிளக்கை என் நெஞ்சில் வைத்து எடுப்பதாக வேண்டியிருந்தார். எங்கள் மில்லிலேயே மெஷினைக் கழுவித் துடைத்து அரிசி அரைத்தோம். ராத்திரி வெல்லம் சேர்த்துப் பிசைந்தது மருமகள்தான். கோயிலில் மாவை உருட்டிக் குழி செய்ய அவள் குனிந்தபோது மதினி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ தள்ளி நில்லுத்தா. நான் பாத்துக்கிறேன்."

அம்மனுக்கு எதிரே என்னைப் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் வாழை இலை, அதன்மேல் மாவு, நடுவில் நெய் விட்டு ஏற்றிய திரி. கொஞ்ச நேரத்தில் இடப் பக்கம் வெதுவெதுப்பு ஏறியது. வலப் பக்கம் ஒன்றும் இல்லை. தாயே என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது வாய்தான். எல்லாரும் நான் அழுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கூடக் கலங்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தேன். மருமகள் ஒரு தூணோரமாக, பாதி மறைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தூணோரம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் உடம்பில் எங்கேயாவது ஒரு இடத்தில் ஏதாவது குத்தியது என்றால் அது அப்போதுதான். தாயே, எனக்குச் சுகம் கொடு என்று வேண்ட வந்த இடத்தில், இந்தப் பிள்ளையைத் தூணோரத்திலிருந்து வெளியே கொண்டு வா என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்து ஆஸ்பத்திரியில் காட்டுகிற நாள் வந்தது. ரிப்போர்ட்டு இங்கிலீஷில் இருக்கும் என்பதால் மருமகள் எப்போதும் லீவு போட்டு வருவாள். மதினியும் வந்தார். திரைக்குப் பின்னால் என் கையைத் தூக்கிப் பார்த்த டாக்டரம்மா, விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"இது என்னம்மா, கீறல் கீறலா இருக்கு?"

"தெரியலயேங்க."

"தெரியாது உங்களுக்கு. அதான் எனக்குப் பயம். இந்த எடத்துல உணர்ச்சி இல்லைல்ல. பிளேடு எதும் வச்சீங்களா?"

"இல்லங்க."

"பின்ன என்ன போடுறீங்க இங்க?"

"படிகாரம்."

திரையை விலக்கிக்கொண்டு மதினி தலையை நீட்டினார். "நான்தான் டாக்டரு வாங்கிக் குடுத்தேன். அலுமினியம் கிலுமினியம் எதும் கெடையாது. சுத்தமான சரக்கு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "படிகாரமே அலுமினியம்தானம்மா."

மதினி தலையை இன்னும் உள்ளே நீட்டினார். "அது கல்லு டாக்டரு."

"கல்லுக்குள்ளதான் அலுமினியமும் இருக்கு." அவர் கோபமாகப் பேசவில்லை, சோர்வாகப் பேசினார். "அலுமினியம் இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இந்தக் கீறல்தான் கவலை. இந்தக் கையில புண்ணாகிச் சீழ் பிடிச்சா கை முழுசும் வீங்கிரும், அப்புறம் எறக்குறது கஷ்டம். மொனை மொனையா இருக்கிற கல்ல வச்சு மரத்துப்போன எடத்துல தேய்க்கச் சொன்னது யாரு?"

மதினியின் கை மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தைப் பிடித்தது. இத்தனை மாதமாக என்னைத் தூக்கி உட்கார வைத்த கை.

மருமகள் முந்திக்கொண்டாள். "அத்தைதான் டாக்டர், தெரியாம அழுத்தித் தேய்ச்சிட்டாங்க. பெரியம்மா வழவழன்னு இருக்கிறதாத்தான் பாத்து வாங்குனாங்க. இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

அது பொய். அந்தக் கல் உடைத்த கருங்கல் மாதிரி இருந்தது. மதினி அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது என் வாயிலிருந்து சத்தம் வந்தது. எனக்கே அது யாரோ பேசுகிற மாதிரித்தான் கேட்டது.

"டாக்டர், முந்தி இவ எனக்கு ஒரு பாட்டில் வாங்கித் தருவா, உருட்டிப் போடுறது. அதுனாலயா எனக்கு இது வந்துச்சு?"

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இல்லம்மா. அதுனாலதான் வந்துச்சுன்னு சொல்றதுக்கு ஆதாரம் கெடையாது. யாரு சொன்னா அப்படி?"

மதினி வெற்றிலைப் பொட்டலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா திரும்பக் கேட்கவில்லை. கீறலுக்கு ஒரு களிம்பு எழுதினார். தோல் ஆறினதும் வாசனை அதிகமில்லாத, உறுத்தாத எதை வேண்டுமானாலும் போடலாம், கல்லும் பிளேடும் மட்டும் கிட்டே வரக்கூடாது என்றார்.

மருந்து கொடுக்கிற இடத்தில் கூட்டம். வெளியே வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நடுவில் நான்.

"உனக்குத் தெரியும்ல?" என்றேன் மருமகளிடம். "படிகாரம் என்னன்னு."

"ஒன்பதாவதுக்கே நடத்துறேன் அத்தை."

"நான் எட்டோட நின்னுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. மதினி சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன்த்தா வாயத் தெறக்கல?" என்று அவர்தான் கேட்டார்.

"சொன்னா, என் பாட்டிலக் காப்பாத்திக்கிறதுக்குச் சொல்றேன்னு ஆகும் பெரியம்மா. அதுவும் போக, அது கெடுதல்னா சொல்லிருப்பேன். பாட்டில்ல இருக்கிறதும் கெடுதல்னு ஒண்ணும் நிரூபணம் இல்ல, படிகாரத்துல இருக்கிறதும் இல்ல. கீறும்னு மட்டும் எனக்குத் தோணல. அதத் தோணிருக்கணும்."

மதினி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "ஆகும்தான். நான் அப்படித்தான் நெனச்சிருப்பேன்." நரம்பைக் கிழித்தார். சுண்ணாம்பு எடுக்கவில்லை. "சரி. இனி நீயே ஒண்ணு பாத்து வாங்கிக் குடுத்துரு. நமக்கு இந்த வெவரமெல்லாம் காணாது."

"நான் வாங்க மாட்டேன் பெரியம்மா."

மெதுவாகத்தான் சொன்னாள்.

"அத்தை ஒடம்புக்குன்னு இனி எதயும் நான் வாங்க மாட்டேன். நாளைக்கு ஒரு தலவலி வந்தாலும், அது இவ வாங்குனதுனாலன்னு ஆயிரும். அத்தை சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்கே அப்படித்தான் தோணும். இப்பயே தோணுது. கொண்டை போட்டுட்டு கண்ணாடி பாக்குறப்பல்லாம் தோணுது."

மதினி கையிலிருந்த வெற்றிலையைத் திரும்பப் பொட்டலத்துக்குள் வைத்து மடித்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் வெற்றிலை போடவில்லை. அவர் புருஷன் செத்த அன்றைக்கு அப்படி இருந்தார் என்று எனக்கு ஞாபகம்.

களிம்பை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம். வழியில் ஏசி போட்ட ஒரு பெரிய கடை வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"வா. நான் வாங்குறேன். நீ எழுத்த மட்டும் வாசிச்சுச் சொல்லு."

அவள் தயங்கினாள். நான் இறங்கிவிட்டேன். மதினியும் பின்னாலேயே வந்தார்.

கடைப் பெண்ணிடம் அலுமினியம் இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன். நான் கேட்டவிதத்தில் பாத்திரக்கடைக்குப் போகச் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் ஒரு அலமாரியையே காட்டினாள். எல்லாவற்றிலும் இலையும் பூவும் போட்டிருந்தது. மருமகள் ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள். இலை போட்ட ஒன்றைப் பாதி வாசித்துவிட்டு, "இதுலயும் படிகாரம்தான்" என்று திரும்ப வைத்தாள். மதினி அந்தப் பாட்டிலை முறைத்துப் பார்த்தார். கடைசியில் வாசனை போடாத ஒன்று அகப்பட்டது.

"இதுல இல்ல அத்தை."

"வேற எதும் வம்பு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா ஒண்ணு. இது வேர்வைய நிறுத்தாது. வாடைய மட்டும்தான் கொறைக்கும். ஜாக்கெட் நனையத்தான் செய்யும்."

"நனையட்டும்."

டாக்டரம்மா எதைப் போட்டாலும் சரிதான் என்று சொல்லியிருந்தார். பழைய பாட்டிலையே கேட்டு வாங்கியிருக்கலாம். எனக்கு அலுமினியத்தின் மேல் பயமும் இல்லை, கோபமும் இல்லை. அந்தச் சமயத்தில் எனக்கு எதன்மேலும் எதுவும் இல்லை. இந்தப் பெண்ணைப் பார்த்து இனி யாரும் விரல் நீட்ட வழியில்லாத பாட்டில் ஒன்று வேண்டும், அவளே தன்னைப் பார்த்து நீட்டிக்கொள்ளவும் வழியிருக்கக் கூடாது. அவ்வளவுதான். இடக் கையால் எடுத்து நானே கல்லாவில் கொண்டுபோய்க் கொடுத்து, என் சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்தேன். மதினியைப் பார்த்துச் சொன்னேன்.

"மதினி, இத வாங்குனது நான். நல்லதோ கெட்டதோ, என் தலையில. தெரிஞ்சுக்கங்க."

"சரித்தா. கடையில ஊரக் கூட்டாத." அப்புறம் மருமகளின் கையிலிருந்த ரிப்போர்ட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "குடு. அப்பத்துலருந்து தூக்கிட்டுத் திரியுற."

கீறல் ஆறும் வரை அது மாடத்தில் மூடி திறக்காமல் இருந்தது. படிகாரத் துண்டுகள் போய்விட்டன. எடுத்தது மதினிதான். வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற பெரிய கட்டியை மட்டும் அவர் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை. அது கண்ணுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து மருமகளைக் கூப்பிட்டேன். பாட்டிலை நீட்டினேன்.

"நீ போட்டு விடு."

"நானா அத்தை?"

"எனக்கு எங்க படுதுன்னு தெரியாது. அழுத்துறேனான்னும் தெரியாது. முந்தி அதான் நடந்துச்சு."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நான் கையைக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டேன், அதற்கு மேலே கை போகாது. தைத்த இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை, எல்லாம் மதினிதான். பார்த்தாள். டவலால் ஒற்றினாள் என்று நினைக்கிறேன். பாட்டிலுக்குள் உருண்டை உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எதிர்ச் சுவரில் இருக்கிற சாமி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போட்டியா?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன்."

"போடுறதுக்கு முன்னாடி வாடை அடிச்சுச்சா? நெசத்தச் சொல்லு."

"கொஞ்சம் அடிச்சுச்சு அத்தை. கரண்ட் வச்சப்பறம் நின்னுருந்தது, மறுபடி வேர்க்க ஆரம்பிச்சிருக்கு உங்களுக்கு அங்க."

"அது நல்லதா?"

"நல்லதுதான்னு நெனக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் வாடை அடிக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்த இடமும் அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் காதுக்குத்தான் தெரிகிறது. விளக்கு பூஜைக்குப் போகிறேன், ஜாக்கெட் நனைகிறது, இரண்டாவது வரிசையில்தான் உட்காருகிறேன். அம்மனிடம் இன்னும் சரியாக ஒன்றும் கேட்க வரவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறேன்.

அன்றைக்கு ஜாக்கெட் கொக்கியை மாட்டி விட்டபிறகு அவள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் காப்பியோடு வந்தாள். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. அவள் ஸ்டூலைப் பார்க்கவில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சூடா இருக்கு அத்தை, பாத்துப் பிடிங்க."

இடக் கையால் வாங்கினேன். சுட்டது. ஒரு வாய் குடிக்கும் வரை அவள் போகவில்லை.

"சீனி போதுமா?"

"போதும்" என்றேன்.